பட்டினிச் சால்

செத்தவர்களுக்கு நாள் வைப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உயிரோடு இருந்தபோது ஒருவரைப் பின்வாசல் வழியாக வரச் சொன்ன ஊர், அவர் மண்ணுக்குள் போய் நாற்பது வருஷம் கழித்து, வருஷத்தில் ஒரு நாளை அவர் பெயருக்கு எழுதி வைக்கும். அன்றைக்கு யாராவது பேசுவார்கள், யாராவது பாடுவார்கள், கோழி பொரிப்பார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி.

அதனால் தொண்ணூற்று நான்காம் வருஷம் ஜனவரியில் வெர்னெல் டார்ப்ளி சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு என் வீட்டுப் படி ஏறியபோதே, எதற்கோ அடி போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள். எங்கள் மவுண்ட் நெபோ சர்ச்சில் எந்தக் கமிட்டி வைத்தாலும் தலைவி அவள்தான்.

"பிரதர் கில்யார்ட், கையெழுத்து ஒண்ணும் கேக்க வரலை. பயப்படாதீங்க."

"பை எதுக்கு அப்போ?"

"சாப்பிடத்தான். ப்ரொஃபசர் டாக்கெட் பேருல நம்ம கவுண்டியில ஒரு நாள் வைக்கணும்னு மனு குடுத்திருக்கோம். ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழமை. செவ்வாக்கிழமை கோர்ட்டுக் கட்டடத்துல கமிஷன் கூட்டம். நீங்க வந்து நின்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"எந்த ரெண்டு வார்த்தை?"

"ப்ரொஃபசர் சொன்னபடி செஞ்சோம், வெளஞ்சதுன்னு."

"அது நாலு வார்த்தை."

அவள் சிரிக்கவில்லை. "அவர் சோதனை வெச்ச மூணு வயல்ல மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. மிச்சம் நீங்க ஒருத்தர்தான். உங்க வயலோரத்துலயே நினைவுக் கல்லும் நடலாம்னு இருக்கோம். உங்க பேரும் அதுல வரும்."

நான் முடியாது என்றேன். முட்டி வலி என்றேன். அவள் பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை, அன்றைக்குச் சாயங்காலம் வரை.

முட்டி வலி உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

லெமுவேல் டாக்கெட் எங்கள் பக்கத்துக்கு முப்பத்தேழாம் வருஷம் வந்தார். கறுப்பர்களுக்கான கல்லூரியில் மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர். எங்கள் ஆட்களில் மண்ணைப் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவரை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. கழுத்தில் டை, கால்சட்டை முட்டியில் எப்போதும் மண் கறை. வயலுக்கு வந்தால் முதலில் மண்டியிடுவார், பிறகுதான் பேசுவார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா விட்டுப் போன முப்பத்தோரு ஏக்கர் சொந்த நிலம். அலபாமாவில் அந்தக் காலத்தில் எங்கள் ஆள் ஒருவனுக்கு ரோட்டோரத்தில் சொந்த நிலம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. வெள்ளைக்காரனும் பார்ப்பான், நம் ஆளும் பார்ப்பான். எப்போது விழுவான் என்று இரண்டு பேரும் பார்ப்பார்கள்.

பருத்தி போட்டுப் போட்டு எங்கள் மண் செத்திருந்தது. ப்ரொஃபசர் சொன்னது இதுதான்: ஒரு வருஷம் காராமணி விதை. பூக்கும்போது அப்படியே மடக்கி உழு. காய் பறிக்காதே. அடுத்த வருஷம் பருத்தி போடு. ஆனால் எட்டு உழவுச் சால் மட்டும் காராமணி போடாமல் சும்மா விடு. அங்கேயும் பருத்திதான், ஆனால் உரமும் போடாதே, எருவும் போடாதே. அந்த எட்டும் ரோட்டை ஒட்டியே இருக்கட்டும்.

"ரோட்டு ஓரம் எதுக்கு சார்? உள்ளுக்குள்ள விடலாமே."

"போறவங்க வர்றவங்க பாக்கணும் மிஸ்டர் கில்யார்ட். நான் பத்து மணி நேரம் பேசுறதை அந்த எட்டுச் சால் ஒரு நிமிஷத்துல சொல்லிடும்."

மிஸ்டர் கில்யார்ட். டை கட்டிய ஒருவர் என்னை மிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சரி என்றேன்.

முப்பத்தெட்டு ஜூன் மாதம் அந்த எட்டுச் சாலும் மஞ்சளாக நின்றன. உள்ளே முட்டிக்கு மேல் பருத்தி. ரோட்டோரத்தில் கணுக்காலுக்கு. ப்ரொஃபசர் நினைத்தபடியே எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது காராமணியின் மகிமையை இல்லை. அஸ்பரி கில்யார்டின் பஞ்சப் பருத்தியைப் பார்த்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அதுதானே.

அடுத்த நிலத்துக்காரன் டோசியர் பீம் சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன அஸ்பரி, உன் பருத்திக்கு மஞ்சக்காமாலையா? ஒங்கப்பன் கல்லறையில திரும்பிப் படுத்திருப்பாரே."

"அது சோதனைக்கு விட்டது."

"பட்டினி போடுறதுக்குப் பேரு சோதனையா? என் பொண்டாட்டி சமையலையும் இனிமே அப்படித்தான் சொல்லணும்."

பெண்கள்கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்குப் பட்டினிச் சால் என்று பெயர் வந்தது. என் மனைவி ஆர்லீதா வீடு வரும்வரை எனக்கு முன்னால் நடந்தாள். வந்ததும், "சோதனையை வீட்டுக்குப் பின்னால வெச்சுக்கக் கூடாதா?" என்றாள்.

பெரிய ஹேம்ரிக் என்று ஒரு வெள்ளைக்காரர். அவர் கோழிக் கொட்டகையை நான்தான் சனிக்கிழமைகளில் சுத்தம் செய்வேன். முந்நூறு கோழி. எருவை ஓடைப் பள்ளத்தில் கொட்டச் சொல்வார். நான் அதை வண்டியில் ஏற்றி வீட்டுக்குப் பின்னால் குவித்தேன். எங்கள் ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லாத நேரம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் சர்ச்சில் இருக்கும் நேரம். வயிற்று வலி என்று சொல்லி இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. ஆர்லீதா மட்டும் தொப்பி வைத்துக்கொண்டு போனாள். நான் எட்டுச் சாலிலும் கோழி எருவைப் போட்டு மண்வெட்டியால் மூடினேன். ஆறு வண்டி. அந்த வாரம் மழை பெய்தது. ஜூலை கடைசியில் பட்டினிச் சாலில் யாரும் குறை சொல்ல முடியவில்லை.

அக்டோபரில் ப்ரொஃபசர் தராசோடு வந்தார். உள்ளே எட்டுச் சாலில் பறித்த பருத்தியும் ஓரத்து எட்டுச் சாலில் பறித்த பருத்தியும் ஒரே எடை. மறுபடி நிறுத்தார். வயலில் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்.

"இந்தச் சால்ல எதுவும் போட்டீங்களா மிஸ்டர் கில்யார்ட்?"

"இல்ல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். மூன்று வயலில் ஒன்று சரியாக வரவில்லை என்பதால் மேலிடத்து வெள்ளைக்காரர்கள் அவர் அறிக்கையை ஓரமாக வைத்தார்கள். உறுதியாகவில்லை என்று சொன்னார்கள். எங்கள் கவுண்டிக்குக் காராமணி விதை கொடுப்பதாக இருந்தது. கொடுக்கவில்லை. பதினோரு வருஷம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அவர் வேறு இடங்களில் பெரிய ஆளாகிவிட்டார். ஆனால் இங்கே டோசியர் பீமின் மண் நாற்பத்தொன்றில் ஒன்றுமில்லாமல் போய், அவன் நிலத்தை விட்டுவிட்டு மொபீல் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். நான் மட்டும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காராமணி மடக்கி உழுதேன். அது வேலை செய்யும் என்று தெரிந்தவன் இந்த ரோட்டில் நான் ஒருவன்தான்.

"புள்ளைங்க தின்ற பயறை ஏன்டா மண்ணுக்குள்ள போடுற? அந்தாளு சோதனைதான் தோத்துப்போச்சே," என்று டோசியர் போகும் முன் ஒருமுறை கேட்டான்.

"பழக்கமாப் போச்சு," என்றேன்.

அவன் வயசான பிறகு திரும்பி வந்து, இப்போது மகள் வீட்டில் இருக்கிறான். சர்ச்சில் எனக்கு அடுத்த இருக்கை.

திங்கட்கிழமை வெர்னெல் மறுபடி வந்தாள். இந்தத் தடவை பை இல்லை.

"ராய்ஸ் ஹேம்ரிக் அந்த முப்பத்தெட்டாம் வருஷத்து அறிக்கையை எங்கேயோ தோண்டி எடுத்திருக்கான். இந்த ஆளோட சோதனை நம்ம கவுண்டியிலேயே தோத்தது, தோத்தவருக்கு என்னத்துக்கு நாள்னு நாளைக்குக் கேக்கப் போறான். அதுல இருக்கிறது உங்க வயலு பிரதர். என்ன நடந்துச்சுன்னு சொல்ல நீங்க இல்லேன்னா ஓட்டு போயிடும். அவ்வளவுதான் விஷயம்."

ராய்ஸ், பெரிய ஹேம்ரிக்கின் பேரன். கவுண்டி நிர்வாகத்தைப் பார்க்கிற கமிஷனில் ஐந்து பேர், அவனும் ஒருவன். எங்கள் ஆட்கள் இரண்டு, அவர்கள் மூன்று.

"என்ன நடந்துச்சு?" என்று வெர்னெல் கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றேன்.

கோர்ட்டுக் கட்டடத்தில் சர்ச் ஜனங்கள் நாற்பது பேராவது வந்திருந்தார்கள். டோசியர் முன்வரிசையில் கைத்தடிமேல் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்னெல் எழுதி வைத்துப் படித்தாள். நன்றாகவே படித்தாள். பிறகு ராய்ஸ் ஹேம்ரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பழுப்புத் தாளை எடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான். இந்தக் காலத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

"மிஸ்டர் கில்யார்ட், மூணாம் வயல் உங்களோடதுதானே?"

"ஆமா."

"ரெண்டு பக்கமும் ஒரே எடைன்னு போட்டிருக்கு. சரிதானா?"

"சரி. ரெண்டு தடவை நிறுத்தாரு."

"அப்போ காராமணி போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் இல்ல. அடியில ஒரு வரி இருக்கு, படிக்கிறேன். 'சும்மா விட்ட சால்களில் எதுவும் இடப்படவில்லை என்று நிலத்துக்காரர் சொன்னார். அவர் சொல்லை ஏற்கிறேன்.' இது நீங்க சொன்னதுதானே?"

அவர் சொல்லை ஏற்கிறேன். அப்படி ஒரு வரி எழுதியிருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் சொன்னதுதான். பொய்," என்றேன்.

அறையில் யாரோ இருமினார்கள். வெர்னெல் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்றீங்க?"

"எட்டுச் சால்லயும் கோழி எரு போட்டேன். ஊரு சிரிச்சுது, போட்டேன். அவர் கேட்டாரு, இல்லேன்னேன். அவர் சோதனை தோக்கலை. நான் கெடுத்தேன்."

ராய்ஸ் தாளை மடித்தான். "இதை அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் சொல்றீங்க. வசதியா இருக்கு. ஒரு சின்ன விவசாயிக்கு எட்டுச் சாலுக்குப் போடுற அளவு கோழி எரு எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க தாத்தா கொட்டகையிலேருந்து. ஓடையில கொட்டச் சொன்னாரு. நான் கொட்டலை. அதையும் இன்னிக்கே சொல்லிடுறேன்."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கமிஷனில் இருந்த பாயிண்டெக்ஸ்டர் என்ற வெள்ளைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குடும்பம் பருத்தி அரவை ஆலை வைத்திருந்தது. முன்னால் சாய்ந்து கேட்டார்.

"எத்தனை வண்டி?"

"ஆறு."

"ஒத்தை மாட்டு வண்டியா?"

"கோவேறு கழுதை. ரெண்டு."

"சால் என்ன நீளம்?"

"எழுபது கஜம் இருக்கும்."

அவர் உதடு அசையக் கணக்குப் போட்டார். "ஆறு வண்டி கோழி எருவா? அதுக்கு வேலிக் கம்பம்கூடத் துளிர்த்திருக்கும், ராய்ஸ்," என்றார். ஓட்டெடுப்பில் எங்கள் இரண்டு பேரோடு அவர் கையும் மேலே போனது. மூன்றுக்கு இரண்டு.

கைதட்டல் கேட்டது. டோசியர் கைதட்டவில்லை. எழுந்து, கைத்தடியை ஊன்றி என்னிடம் வந்தான். எண்பது வயசு அவனுக்கு.

"நாப்பத்தொண்ணுல நான் கேட்டப்போ பழக்கம்னு சொன்னே."

"ஆமா."

"பழக்கம்," என்று மறுபடி சொல்லிவிட்டு வெளியே போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேறு வரிசையில் உட்கார்ந்தான்.

வெர்னெல் என்னைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நாள் கெடைச்சிருச்சு. நன்றி சொல்லணும். சொல்ல வாய் வரலை பிரதர்."

"சொல்ல வேண்டாம்."

"கல்லு உங்க வயல்ல நட மாட்டோம்."

"நட்டாலும் நானே பிடுங்கியிருப்பேன்."

கல்லை நான்கு மைல் தள்ளி இரண்டாம் வயலில் நட்டார்கள். அந்த வயலில் இப்போது பைன் மரம்தான் நிற்கிறது. அது அவர்கள் பாடு.

அந்த வசந்தத்தில் நான் பழைய இரும்பு முளைகளைத் தேடினேன். எட்டுச் சாலுக்கு எல்லையாக ப்ரொஃபசர் தன் கையால் அடித்தவை. இரண்டு கிடைத்தன, இரண்டைக் கணக்குப் பார்த்து நானே அடித்தேன். ரோட்டை ஒட்டி எட்டுச் சால் விட்டு, உள்ளே காராமணி விதைத்தேன். எட்டுச் சாலில் பருத்தி போட்டு மண்ணை உறிஞ்ச விட்டேன். இருக்கிற பதினான்கு கோழியையும் வலை கட்டி அடைத்துப் பூட்டினேன். ஆகஸ்டில் முதல் டாக்கெட் நாளுக்கு எல்லோரும் ரோட்டில் காரில் போனார்கள். நான் பூத்திருந்த காராமணியை மடக்கி உழுதுகொண்டிருந்தேன். யாரும் நிறுத்தவில்லை. ஒருவர் ஹாரன் அடித்தார். வாழ்த்தா திட்டா என்று தெரியாது.

மறு வருஷம் முழு வயலிலும் பருத்தி. இந்தப் பக்கத்தில் கையால் பறித்த பருத்தியை யாரும் வாங்குவதில்லை. இருந்தாலும் பருத்திதான் போட்டேன், அவர் போட்டது அதுதான். ஜூலை கடைசியில் டோசியர் வேலிப் பக்கம் வந்து நின்றான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

"மஞ்சக்காமாலை திரும்பிருச்சு போல."

"திரும்பட்டும்."

"கோழி எங்கே?"

"அடைச்சு வெச்சிருக்கேன்."

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட."

"அதான பாத்தேன்," என்றான். வேலிக்குள் வரவில்லை. கொஞ்ச நேரம் சால்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

இரண்டாவது டாக்கெட் நாளன்று காலை வெர்னெல் காரை நிறுத்தினாள். பெரிய வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலணி. அதோடு வயலுக்குள் இறங்கினாள். பின்சீட்டில் டோசியர் இருந்தான். அவன் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினான். வெர்னெல் கையில் ஒரு நோட்டு. நிகழ்ச்சியில் படிக்க ஏதாவது எழுதிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறாள்.

நான் கம்பை வைத்து அளந்து காட்டினேன். உள்ளே பத்துச் செடி, ஓரத்தில் பத்துச் செடி.

"ஒரு சாண்தானா?" என்றாள். "மத்த ரெண்டு வயல்லயும் அப்போ ரெண்டு அடி வித்தியாசம் இருந்துச்சாமே."

"இந்த மண்ணு அம்பது வருஷத்துக்கு மேல தின்னிருக்கு. ரெண்டு வருஷத்துல எளைக்காது."

"கூட்டத்துல படிக்கிறப்போ ஒரு சாண்னு சொன்னா ஜனங்க—"

"ஒரு சாண். அதை எழுது."

எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை. ஓரத்துச் சாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காரிலிருந்து டோசியரும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சால்ல எதுவும் போட்டீங்களா, மிஸ்டர் கில்யார்ட்?"

"இல்ல," என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.